விபி-கேபிளா, வாய்ஸ்மீட்டர் பனானாவா?

கோத்தகிரியில என் ரூமுக்கு தகரக் கூரை, மழை பிடிச்சா மைக்க ஆன் பண்றதே வேஸ்ட், விட்ட கேப்ல சட்டுனு ரெக்கார்டிங் ஆரம்பிக்கணும், செட்டப் குழப்புனா அந்த நேரமும் போச்சு. விபி-கேபிள், வாய்ஸ்மீட்டர் பனானா ரெண்டுமே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு புரோகிராம்ல இருந்து இன்னொண்ணுக்கு சத்தத்த அனுப்புற சாஃப்ட்வேர்.

விபி-கேபிள் ரொம்ப சிம்பிள். ஒரு பக்கம் போற சத்தம் மறுபக்கம் அப்படியே வரும், ரீப்பர்ல (பாட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) இருந்து ஓபிஎஸ்க்கு (வீடியோ ரெக்கார்டிங், லைவ் போடுற சாஃப்ட்வேர்) அனுப்ப அது போதும். ஆனா அனுப்புறத நாமளும் கேக்கணும்னா விண்டோஸ்ல 'லிசன்' ஆப்ஷன் போடணும், சத்தம் லேட்டா வரும், ஹெட்போன்ல கேட்டுட்டே பாடுறவங்களுக்கு தாளம் தப்பிடும்.

பனானா முழு மிக்சர், 3 ஹார்ட்வேர் இன்புட், 2 வர்ச்சுவல் இன்புட் (மத்த புரோகிராம்ல இருந்து வர்ற சத்தம்), 5 அவுட்புட் (ஹெட்போன், ஸ்பீக்கருக்குப் போற ஏ1, ஏ2, ஏ3, மத்த புரோகிராமுக்கு மைக் மாதிரி போற பி1, பி2). ஊட்டியில இருக்குற தபலா அண்ணன்கிட்ட ஆன்லைன் கால்ல பேசிட்டே டிராக்க போட்டுக் காட்டுறப்ப, அவர் குரல் அவருக்கே திரும்பாம, பி1-க்கு என் மைக்கும் பாட்டும் மட்டும் அனுப்புறேன், எனக்கு ஏ1-ல எல்லாமே கேக்குது. இதுக்காகவே நான் பனானா பக்கம்தான்.

ஏ1-ல உங்க ஆடியோ இன்டர்ஃபேஸோட (மைக்க கம்ப்யூட்டர்ல இணைக்கிற பெட்டி) ஆசியோ (ASIO) டிரைவர செலக்ட் பண்ணுங்க, டிலே குறையும். சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு சத்தத்த எத்தன தடவ அளக்குதுங்குற கணக்கு) எல்லா இடத்துலயும் 48000னே வைங்க, நான் ஒரு இடத்துல 44100னு விட்டுட்டு ஒரு சாயங்காலம் பூரா டிக் டிக்னு வந்த சத்தத்தோட அல்லாடினேன்.

ரெண்டுல எத போட்டாலும் இன்ஸ்டால் முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.