ரெவிட் கேமரா: படம் அருமை, காரணம் கேட்டால் மௌனம்

கட்டடங்களை முப்பரிமாண மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில், ஓர் இடத்தில் நின்று பார்ப்பதுபோல் படம் தரும் கேமரா வியூவுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். மூன்றும் படத்துக்கு. மீதி இரண்டைப் பிடித்துக்கொண்டது அதன் கல்லுளிமங்கத்தனத்துக்கு. மாடலில் இருக்கும் பொருள் படத்தில் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று அது வாய் திறப்பதே இல்லை.

கேமரா வைப்பது சுலபம். பிளானில் நிற்கும் இடத்தில் ஒரு கிளிக், பார்க்கும் திசையில் இன்னொரு கிளிக், வியூ திறந்துவிடும். கண் உயரம் 1750 மி.மீ. என்று தானாக வந்து உட்காரும். சமையலறைப் படங்களில் நான் அதை 1500க்கு இறக்கிவிடுவேன். அந்த வீட்டு அம்மாவின் கண்ணுக்கு மேடையும் மேல் அலமாரியும் எப்படித் தெரியுமோ அப்படியல்லவா படம் இருக்க வேண்டும்?

ஏதாவது காணவில்லை என்றதும் எது தெரியலாம், எது மறையலாம் என்று குறிக்கும் விசிபிலிட்டி பெட்டியைத் திறந்து டிக்குகளை ஒவ்வொன்றாகத் துழாவுவதுதான் பலருக்கும் பழக்கம். பொருள் எந்த விதமாகக் காணவில்லை என்பதை முதலில் பார்ப்பது என் வழி. தரையும் சுவரும் கத்தியால் அரிந்தாற்போல் முடிந்து, அதற்கு அப்பால் வெறும் வெள்ளையாக இருந்தால் அது ஃபார் கிளிப், அதாவது குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ளதை வெட்டிவிடும் அமைப்பின் வேலை. பிராபர்ட்டீஸில் 'ஃபார் கிளிப் ஆக்டிவ்' டிக்கை எடுத்துவிடலாம். தூரத்தை மட்டும் கூட்ட வேண்டுமானால், புராஜெக்ட் பிரவுசரில் அந்த வியூவின் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'ஷோ கேமரா' கொடுத்துவிட்டுப் பிளானுக்குப் போக வேண்டும். அங்கே கேமராவின் முக்கோணம் தெரியும். தூரக் கோட்டில் இருக்கும் வட்டத்தைப் பிடித்து மதில் சுவரைத் தாண்டி இழுத்தால் போதும். கட்டடம் பக்கவாட்டிலோ மேலேயோ அறுபட்டிருந்தால் செக்‌ஷன் பாக்ஸைச் சந்தேகியுங்கள்; அந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டுமே படத்தில் வரும்.

கதவு விஷயம் இதைவிடச் சுவையானது. கதவு இல்லை, ஆனால் சுவரில் அதற்கான திறப்பு இருக்கிறது என்றால் யாரோ கதவை மட்டும் மறைத்திருக்கிறார்கள். கதவும் இல்லை, திறப்பும் இல்லை, சுவர் முழுசாக நிற்கிறது என்றால் பிரச்சினை ஃபேஸில், அதாவது எது எந்தக் கட்டத்தில் கட்டப்படுகிறது என்ற கணக்கில். பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைகளில் இது அடிக்கடி வரும். புதிதாக வைக்கப்போகும் கதவு, 'எக்ஸிஸ்டிங்' (ஏற்கெனவே இருப்பது) கட்டத்தில் இருக்கும் வியூவில் எப்படி வரும்? அந்தக் கட்டத்தில் அந்தச் சுவரை இன்னும் யாரும் உடைக்கவில்லையே. மென்பொருள் கணக்கு சரிதான். அதை ஒரு வரியில் சொல்லித் தொலைத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

கீழே கட்டுப்பாட்டு வரிசையில் ஒரு பல்ப் படம் இருக்கிறது. அழுத்தினால் மறைத்து வைத்த பொருட்கள் நிறம் மாறித் தலைகாட்டும். நல்ல வசதிதான், ஆனால் கிளிப்புக்கு வெளியே விழுந்ததை அது காட்டாது. மூடிக் கிடக்கும் ஒர்க்செட்டில் (பலர் சேர்ந்து வேலை செய்வதற்காக மாடலைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) உள்ளதையும் காட்டாது. ஒர்க்செட் உருவாக்கும்போது 'எல்லா வியூவிலும் தெரியட்டும்' என்ற டிக்கை எடுத்திருந்தால், பிறகு நாம் வைக்கும் கேமராவில் அந்த ஒர்க்செட் பொருட்கள் வராது. விசிபிலிட்டி பெட்டியின் ஒர்க்செட் பக்கத்துக்குப் போய் நாமே காட்டச் சொல்ல வேண்டும். அங்கே போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் மாற்ற முடியாதபடி கிடக்கிறதா? வியூ டெம்ப்ளேட், அதாவது பல வியூக்களுக்கு ஒரே அமைப்பைப் போடும் அச்சு, பூட்டியிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு ரகம் உண்டு. பிளானில் சோபா அழகாக இருக்கும், கேமராவில் தரை மட்டும் தெரியும். இணையத்தில் இலவசமாக இறக்கிய ஃபேமிலியாக (தயார்நிலைப் பொருள் மாதிரி) இருந்தால் உள்ளே திறந்து பாருங்கள். வெறும் கோடுகளாக வரைந்திருப்பார்கள், உடம்பே இருக்காது. உடம்பு இருந்தும் வரவில்லை என்றால், அது 'ஃபைன்' என்ற மிக நுணுக்கமான அளவில் மட்டும் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். வியூவின் டீட்டெய்ல் லெவலை ஏற்றினால் வந்துவிடும். மரங்கள் குச்சிக் கோடுகளாக நின்றால் பதற வேண்டாம், ரியலிஸ்டிக் ஸ்டைலில் இலை விட்டுவிடும்.

எதுவும் பிடிபடாதபோது நான் நாடுவது ஐடியை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ரெவிட் தரும் எண்ணை. பிளானில் பொருளைத் தேர்ந்து அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, 'செலக்ட் பை ஐடி' பெட்டியில் இட்டு 'ஷோ' கொடுப்பேன். பொருள் தெரியும் வியூவாகப் பார்த்துத் திறக்க முயலும். முடியாவிட்டால் நல்ல வியூ எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி. ஏன் கிடைக்கவில்லை? அது நம் பாடு.

இன்னொரு முப்பரிமாண மென்பொருளான ஸ்கெட்ச்அப் இதில் எளிமை. 2020 பதிப்பில் டேக் என்று பெயர் மாறிய பழைய லேயர்களையும், சேமித்த காட்சியான சீனையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஆனால் அங்கே ஃபேஸ் கிடையாது, கதவு எப்போது வந்தது என்று அதற்குத் தெரியாது. பழைய வீட்டை மாற்றிக் கட்டும் வேலை அதிகம் என்றால் ரெவிட்டையே வாங்குங்கள். தனியாக வரைபவர்களுக்கு ரெவிட்டின் எளிய எல்டி பதிப்பே போதும், அதில் ஒர்க்செட் இல்லாததால் சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் குறையும்.