மூன்று மலைக்காடுகள்: இரவிகுளம், ஹோர்ட்டன் சமவெளி, முக்குருத்தி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் காட்டின் அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. நீரோடும் பள்ளங்களில் பாசி படர்ந்த குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. அதைச் சுற்றிக் காற்றடிக்கும் மேடுகளில் புல்வெளி. இலங்கையில் இப்புல்வெளியைப் பத்தனா என்பார்கள். இந்தக் காட்டைக் காண விரும்பும் தமிழ்ப் பயணிகள் பொதுவாக எண்ணிப் பார்க்கும் மூன்று இடங்கள், கேரளத்தின் இரவிகுளம், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி, நீலகிரியின் முக்குருத்தி. மூன்றிலும் காட்சி அழகு ஒன்றுக்கொன்று குறைந்ததன்று. ஆகவே, காட்டுக்குள் நம் கால்கள் எவ்வளவு தூரம் அனுமதிக்கப்படுகின்றன என்பதை வைத்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

விலங்கைக் காண்பதே நோக்கமென்றால் இரவிகுளத்துக்கு இணையில்லை. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தேசியப் பூங்காவில்தான், உலகில் வேறெந்த ஓரிடத்திலும் இல்லாத அளவுக்கு வரையாடுகள் வாழ்கின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைச் சங்கப் பாடல்கள் வருடை என்று குறிப்பிடுகின்றன. செங்குத்தான பாறைச் சரிவில் அது தடுமாறாமல் இறங்குவதைப் பார்த்தவருக்கு, வரை என்னும் மலையின் பெயர் அதற்கு ஏன் வந்ததென்று விளக்க வேண்டியதில்லை. மூணாற்றுக்கு அருகிலுள்ள இராஜமலைப் பகுதியில் இந்த ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. சாலையோரத்துச் சில அடி தூரத்தில் நின்று மேய்கின்றன. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, தேயிலைத் தோட்டத்தார் தங்கள் வேட்டைக்காகவே இம்மேட்டைக் காத்து வந்தனர் என்பதும், காவல் பணியில் முதுவர் பழங்குடியினர் பெரும்பங்கு வகித்தனர் என்பதும் இந்தப் பயமின்மையோடு சேர்த்து நினைக்கத்தக்கவை.

ஆனால் நடப்பதற்காக வருபவர் இங்கே ஏமாற்றமடைவார். நுழைவாயிலிலிருந்து வனத்துறையின் பேருந்து மேலே கொண்டுபோய் விடுகிறது. அதற்கப்பால் தார்ச்சாலையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஏறித் திரும்புவதோடு சரி. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான, 2,695 மீட்டர் ஆனைமுடி கண்முன்னே நிற்கும். அதன்மேல் ஏறுவது பொதுப் பயணிக்கு வாய்ப்பதில்லை. விடுமுறை நாட்களில் பேருந்துக்கான வரிசையும் நீளமானது. முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துவரும் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடே மிகப் பொருத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளி இதற்கு நேர் எதிரானது. இங்கே நடைதான் பயணம். ஃபார் இன் என்னும் இடத்தில் தொடங்கி, சிறிய உலகமுடிவு, உலகமுடிவு என்னும் இரு செங்குத்துப் பாறை விளிம்புகளையும் பேக்கர் அருவியையும் தொட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வட்டப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். நிதானமாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரமாகும். பத்தனாவின் திறந்த வெளியில் நடந்து, சட்டென்று சோலையின் ஈர இருளுக்குள் புகுந்து, மரவேர்களும் கற்களும் நிறைந்த தடத்தில் இறங்கி, மறுபடியும் வெளிச்சத்துக்கு வரும் அந்த மாறிமாறி வரும் அனுபவம், வண்டியில் அமர்ந்தபடி எந்த மலையிலும் கிடைக்காது. உலகமுடிவில் நிலம் சுமார் 870 மீட்டர் ஆழத்துக்கு அறுந்து விழுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மூடுபனி ஏறி வெள்ளைச் சுவராக நின்றுவிடுவதால், வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே சென்றுவிடுவது நல்லது. ஒஹிய ரயில் நிலையம் அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர். எனவே முதல் நாளே ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ நுவரெலியாவிலோ தங்குவது அவசியம்.

விலங்குகளைப் பொறுத்தவரை இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மரை எனப்படும் கடமான்களைப் பெரும்பாலும் காணலாம். சிறுத்தை உண்டு, ஆயினும் அதைக் காண்பது அரிது. யானைகள் இச்சமவெளியிலிருந்து மறைந்து பல பத்தாண்டுகளாகின்றன. அருவிக்குப் பெயர் தந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தியவர். இன்று அதே மரைகளுக்குப் பயணிகள் தின்பண்டம் நீட்டுகிறார்கள். காட்டு விலங்கை வாகனத் தரிப்பிடத்துக்குப் பழக்கும் இச்செயலை யாரும் செய்யலாகாது. நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைச் சோதித்து அகற்றுவதைத் தொந்தரவாகக் கருதாமல் ஒத்துழைக்க வேண்டும்; மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் இங்கிருந்து இறங்குகிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூரவரைவிடப் பல மடங்கு என்பதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.

முக்குருத்தியை இவ்விரண்டோடும் ஒரே தட்டில் வைப்பது முழுவதும் சரியன்று. 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இத்தேசியப் பூங்காவின் உட்பகுதி, வரையாட்டின் மற்றொரு வாழிடம் என்பதால், பொதுச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்படவில்லை. ஊட்டியிலிருந்து செல்பவருக்குக் கிடைப்பது அதன் விளிம்பிலுள்ள அவலாஞ்சி. அங்கேயும் வனத்துறை வாகனத்தில் ஏறி, நிறுத்தும் இடங்களில் இறங்கிப் பார்க்கலாம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பெய்த மலை இது. அவ்வளவு நீரை வாங்கி மெல்ல விடுவதில் சோலைக்கும் புல்வெளிக்கும் உள்ள பங்கை நினைத்தால், வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரங்களை நட்டு நாம் அழித்த புல்வெளிகளுக்காக வருந்தாமல் இருக்க முடியவில்லை. தடை விதித்திருப்பது குறித்துப் பயணிகள் சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2,554 மீட்டர் முக்குருத்திச் சிகரம், இறந்தவர் மறுவுலகம் புகும் வாயில் என்பது நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் நம்பிக்கை. எல்லாச் சிகரமும் நாம் ஏறிப் படம் எடுப்பதற்கென்று இல்லை. தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பும் மனமுள்ளவருக்கு அவலாஞ்சி போதும். அம்மனம் இல்லாதவர் வேறிடம் செல்லலாம்.

எந்த மாதம் என்பதும் முடிவை மாற்றக்கூடியது. வரையாடு குட்டி ஈனும் பருவம் என்பதால் இரவிகுளம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்பட்டிருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் வானம் தெளிந்திருக்கும் பருவமோ ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் விடுப்பு கிடைப்பவர் இலங்கைக்கும், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த செப்டம்பருக்குப் பின் கிடைப்பவர் மூணாற்றுக்கும் திட்டமிடலாம். நீலக்குறிஞ்சிக்காகவே இரவிகுளம் செல்ல நினைப்பவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது கடைசியாக 2018-இல் பூத்தது என்பதால், 2030 வரை காத்திருக்க வேண்டும்.