கன்சல்டிங்கிலிருந்து வெளியே வர ஒரு கோச்சிங்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

ஆறு வருஷமாகக் கன்சல்டிங், அதாவது வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போய் ஆலோசனை சொல்லும் வேலை. திங்கள் காலை முதல் விமானத்தில் மும்பை, வியாழன் இரவு சென்னை. போதும், ஒரே நிறுவனத்துக்குள் உட்கார்ந்து ஸ்ட்ராடஜி வேலை பார்க்கலாம் என்று முடிவெடுத்தபோது இந்த கரியர் கோச்சிங்கில் சேர்ந்தேன். ஆறு அமர்வு, 45,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பது பணம் கட்டும் பக்கத்தில்தான் தெரிந்தது. குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதல் அமர்விலேயே பாதிக் காசு தேறிவிட்டது. என் ரெஸ்யூமேயில், ஒரு சிமென்ட் ஆலைக்கு 12 சதவீதச் செலவுக் குறைப்பைக் கண்டறிந்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன். கோச் கேட்டார்: "கண்டறிஞ்சீங்க, சரி. அப்புறம் குறைஞ்சுதா?" எனக்குத் தெரியாது. பத்து வாரத்தில் டெக்கை, அதாவது ஆலோசனைகளைச் சொல்லும் ஸ்லைடுத் தொகுப்பை, கொடுத்துவிட்டு அடுத்த கிளையன்டுக்குப் போய்விட்டேன். அன்று மாலையே அந்த ஆலை மேலாளருக்குப் போன் போட்டேன். நாங்கள் சொன்ன எட்டு யோசனையில் மூன்றுதான் நடந்திருக்கிறது. அந்த மூன்றை மட்டும் ரெஸ்யூமேயில் வைத்தோம். எனக்கு வேலை கிடைத்த நேர்காணலில் நாற்பது நிமிடம் அதைப் பற்றித்தான் பேச்சு.

நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் சொல்லித் தந்தார்கள். ஸ்ட்ராடஜி தலைவர் எம்.டி.க்குக் கீழா, நிதித் தலைவரான சி.எஃப்.ஓ.வுக்குக் கீழா? இதே வேலையில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? இரண்டாவது கேள்விக்கு ஓரிடத்தில் "ரெண்டு வருஷத்துல நீங்க மூணாவது ஆள்" என்று பதில் வந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மாக் இன்டர்வியூக்கள் சுமார். இந்தியாவில் வருஷத்துக்கு எத்தனை டயர் விற்கும் என்பது மாதிரிக் கேள்விகள், எந்தத் தொழிலில் பணம் போடலாம் என்று பார்க்க பிசிஜி என்ற கன்சல்டிங் நிறுவனம் 1970-இல் கொண்டுவந்த நாலு கட்டப் படம். இதெல்லாம் கன்சல்டிங்கில் சேருகிறவனுக்கு, வெளியேறுகிறவனுக்கு எதற்கு? நிஜ நேர்காணலில் கேட்டது, "பர்ச்சேஸ் தலைவர் டேட்டா தர மாட்டேன்னா என்ன செய்வீங்க?" முழித்தேன்.

90 நாள் நோட்டீஸ், போனஸ் தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ராஜினாமா கொடுத்து அதை இழந்தேன். நானும் யோசித்திருக்க வேண்டும்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு ஓர் அமர்வு உண்டு. அதை இரண்டு முறை தள்ளிப்போட்டு, கடைசியில் அரை மணியில் முடித்தார்கள். எனக்கு உண்மையில் தேவைப்பட்டது அதுதான். பட்ஜெட் சீசனில் ஏழு துறைக்கு எக்செல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். ஸ்லைடு போட அனலிஸ்ட் கிடையாது. என் நாற்பது பக்க டெக்கை எம்.டி. ஒரு பக்கமாக்கச் சொன்னார். ஒரகடம் ஆலைத் தலைவர் மெயிலே திறப்பதில்லை. நேரில் போய் டீ குடித்தால்தான் எண்கள் வரும்.

முதல் அமர்வை மட்டும் தனியாக விற்பீர்களா என்று தம்பிக்காகக் கேட்டுப் பார்த்தேன். மாட்டார்களாம்.