ஆன்லைன் கடைக்கு சர்ச் கன்சோல்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

ஆன்லைன் கடை தொடங்கியவர்கள் எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) என்றதும், எந்தச் சொல்லை எங்கே சேர்ப்பது என்றுதான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கடைத் தளங்களைப் பராமரித்து வருகிறேன். கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை இணைத்து, எந்தப் பக்கங்கள் இன்டெக்ஸில் (கூகுளின் தேடல் பட்டியலில்) ஏறியிருக்கின்றன என்று பார்ப்பதே முதல் வேலை என்பேன். ஏறாத பக்கத்துக்கு எவ்வளவு அழகாகத் தலைப்பு வைத்தாலும் அது யார் கண்ணிலும் படாது. கருவிக்குக் கட்டணம் கிடையாது. டிஎன்எஸ்ஸில் (தளப் பெயருக்கான அமைப்பில்) ஒரு பதிவைச் சேர்த்து உரிமையை உறுதிசெய்துவிட்டு, பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பையும் கையோடு கொடுத்துவிடலாம்.

நான் அதிக நேரம் செலவிடுவது இன்டெக்ஸ் அறிக்கையில்தான். கடைத் தளங்களின் தலையாய நோய் அங்கேதான் வெளிப்படும். சட்டைப் பிரிவு ஒன்றில் 8 நிறம், 6 அளவு, 4 வரிசைமுறை இருக்கிறது என்று வையுங்கள். ஃபில்டரில் ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தாலே 192 முகவரிகள் உருவாகிவிடும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே சட்டைகள். பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் கிராலர் நிரல் அவற்றில் சுற்றிக்கொண்டிருக்க, புதிதாக வந்த பொருளின் பக்கம் காத்துக் கிடக்கும். “கண்டறியப்பட்டது, இன்டெக்ஸ் செய்யப்படவில்லை” என்ற வரிசை நீண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். கிராலர் வந்து படித்துவிட்டும் ஏற்காமல் போயிருந்தால் சங்கதி வேறு. தயாரிப்பாளர் தந்த விவரணையை அப்படியே ஒட்டிய பக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஃபில்டர் முகவரிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு: கிராலர் எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுப்பது, அல்லது பக்க நிரலில் வைக்கும் கேனானிக்கல் டேக் என்ற குறிப்பின் மூலம் மூலப் பக்கத்தைக் காட்டுவது. ஒரே முகவரிக்கு இரண்டையும் செய்யாதீர்கள். தடுத்த பக்கத்தை கூகுள் திறக்காது என்பதால் உள்ளே இருக்கும் டேக்கைப் படிக்கவே வழியில்லை. “கறுப்பு காட்டன் சட்டை” என்று மக்கள் உண்மையிலேயே தேடினால், அதற்கு மட்டும் தனிப் பக்கமே கொடுத்துவிடலாம்.

அப்படி எதைத் தேடுகிறார்கள் என்பதைச் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை சொல்லும். தேடல் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20 வரை இருந்து, பலமுறை தோன்றியும் கிளிக் விழாத தேடல்களை நான் விடுவதே இல்லை. அவற்றில் பல, பிரிவுப் பக்கங்களுக்கு உரியவை. “புதிய வரவுகள்” என்ற தலைப்போடு வெறும் படங்கள் அடுக்கிய பக்கத்தில் தேடுபவருக்கு என்ன கிடைக்கும்? பொருளின் பெயரைத் தலைப்பில் வைத்து, தேர்ந்தெடுக்க உதவும் நான்கு வரிகள் எழுதினாலே பக்கத்துக்கு உயிர் வந்துவிடும்.

பக்க நிரலில் தேடல் சொற்களை அடுக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கை நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்; தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. வேகம் முக்கியம்தான். பக்கத்தில் கண்ணில் படும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். ஆனாலும் இன்டெக்ஸ் சிக்கலைத் தீர்த்த பிறகு வேகத்துக்கு வந்தால் போதும்.

கருவிக்கு எல்லைகளும் உண்டு. தேடல் தரவு 16 மாதங்களுக்கு மட்டுமே இருக்கும். அட்டவணையில் 1,000 வரிகளுக்கு மேல் காட்டாது. இந்தப் பண்டிகைக் கால விற்பனையை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட விரும்பினால், மாதந்தோறும் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.