மேன்முறையீடா, மீளாய்வா: 1898 சட்டக்கோவையின்படி இரண்டு வழிகள்

யாழ்ப்பாணப் பொலிஸ் கோர்ட் தீர்ப்புக்கு எதிரான அப்பீல் நேரே கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) போனது. பிரிட்டிஷ் இந்தியாவில், அங்குள்ள 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி, அப்படி இருக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்பு நீதவான் தண்டித்தால் மாவட்ட நீதவானிடமும், முதல் வகுப்பு நீதவான் தண்டித்தால் செஷன்ஸ் நீதிமன்றத்திலும் (நீதவான்களுக்கு மேலான குற்றவியல் நீதிமன்றம்) மேன்முறையிட வேண்டியிருந்தது. தவணை 30 நாள். தீர்ப்பின் பிரதி எடுக்கச் செல்லும் நாட்கள் இதில் சேரவில்லை. மனுவோடு அந்தப் பிரதியும் இருக்கவேண்டியிருந்தது. சிறையிலிருப்பவர் சிறை அதிகாரி மூலமே மனுவைக் கொடுக்க முடிந்தது.

மேன்முறையீடு ஓர் உரிமை. ஆனாலும் மேலோட்டமாகப் பார்த்தே தள்ளிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. முதல் வகுப்பு நீதவான் ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறையோ 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதமோ மட்டும் விதித்திருந்தால் அப்பீலே இருக்கவில்லை. முதல் வகுப்பு நீதவானிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் மட்டுமே கேள்வி கேட்க முடிந்தது.

மிச்ச வழி மீளாய்வு (ரிவிஷன்). செஷன்ஸ் நீதிபதியோ மாவட்ட நீதவானோ கீழ் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்து, தமக்கு மேலான ஹைகோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார். அங்கே வாதாட உரிமை இருக்கவில்லை. கேட்பதும் விடுவதும் நீதிபதிகள் விருப்பமாக இருந்தது. பலரும் கவனிக்காத ஆபத்து வேறு: அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது, மீளாய்வில் ஹைகோர்ட் கூட்ட முடிந்தது. எனவே சின்னத் தண்டனைக்காரர் யோசித்தே இறங்கவேண்டியிருந்தது. அப்பீல் உரிமையிருந்தும் தவணையைத் தவறவிட்டவர் மீளாய்வை மாற்றுவழியாகப் பிடிக்கவும் சட்டம் விடவில்லை.