பெயின்டுக்குள் ஒளிந்திருந்த 11: படகு விசிறி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழையாறு முகத்துவாரத்தில் மணல்திட்டு தட்டி என் பைபர் படகின் விசிறியில், அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லரில், ஓர் இறக்கை பிளந்துவிட்டது. ஏப்ரல் 15 அன்றே விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியிருந்தது. அந்த 61 நாளில்தான் எங்களைப் போன்ற சிறு படகுக்காரர்களின் மீனுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும். ஒரு நாள்கூடக் கரையில் நிற்க மனமில்லை. அந்த அவசரத்தோடு கடைக்குப் போனேன்.

என் இன்ஜின் 9.9 குதிரைத்திறன். கடைக்காரர் எடுத்துக் காட்டிய விசிறி கருப்புப் பெயின்டில் பளபளத்தது. எத்தனை பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் விசிறி என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் அண்ணே, இதைப் போடுங்கள், படகு பறக்கும்" என்றார். 4,200 ரூபாய். பில்லை அப்புறம் தருவதாகச் சொன்னார். உடைந்த விசிறியையும் பழைய அலுமினிய விலைக்கு அவரிடமே போட்டுவிட்டு வந்தேன். என் மடத்தனம் அதுதான். சரியான எண் அதில்தான் பொறித்திருந்தது.

வெறும் படகு நன்றாகத்தான் ஓடியது. நான்கு பேர், வலை, ஐஸ் பெட்டி என்று ஏறியதும் இன்ஜின் முனகத் தொடங்கியது. கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினாலும் சத்தம் மேலே ஏறவில்லை. ஒரு கேன் பெட்ரோலில் போய்த் திரும்பும் தூரத்துக்கு இரண்டாவது கேனைத் திறந்தோம். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவினார், கரி பிடித்த பிளக்கை மாற்றினார், கூலி வாங்கினார். ஒரு வாரத்தில் புதுப் பிளக்கும் கருத்துவிட்டது.

கடைசியில் மைத்துனர் ஒரு சிறிய மீட்டர் கொண்டுவந்தார். அதன் ஒயரைப் பிளக் ஒயரில் நாலு சுற்று சுற்றினால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும். முழு வேகத்தில் 5000 முதல் 6000 வரை ஓட வேண்டும் என்கிறது என் இன்ஜின் கையேடு. முழுப் பாரத்தோடு எனக்கு வந்தது 4600. விசிறியைக் கழற்றி நடுக்குமிழில் கத்தியால் பெயின்டைச் சுரண்டினோம். 9¼ × 11 என்று எழுந்து வந்தது. அதே இன்ஜின், அதே அளவுப் படகு வைத்திருக்கும் மைத்துனருடைய விசிறியில் 9¼ × 8. அதை மாட்டி அதே பாரத்தோடு ஓட்டினோம்: 5300.

முதல் எண் விசிறியின் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் விசிறி எவ்வளவு முன்னேறுமோ அதுதான் பிட்ச். ஓர் அங்குலம் கூடினால் ஏறத்தாழ 200 ஆர்பிஎம் குறையும். இலேசான படகுக்கு அது வேகம் தரலாம். பாரப் படகுக்கோ, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மேம்பாலம் ஏறும் மோட்டார் சைக்கிள் கதிதான்: சூடு, கரி, பிறகு பிஸ்டனுக்கே கேடு. பிட்ச் மிகவும் குறைந்து 6000-ஐத் தாண்டினாலும் இன்ஜினுக்கு ஆகாது.

ஆகவே எண்ணைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பெயின்ட் மறைத்திருந்தால் கடையிலேயே சுரண்டச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்ப்பதை ஆளும் வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு செய்யுங்கள். வெறும் படகில் வரும் ஆர்பிஎம்மை நம்ப வேண்டாம்.

கடைக்காரர் "மாட்டி ஓட்டிய பொருள்" என்று திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பில்லும் இல்லை. அந்த 11 இப்போது என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. இலேசான படகு வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் கொடுப்பேன், எண் தெரியும்படி.