பழைய மூனியின் கால்கள்: பதினொரு ரப்பர் டிஸ்க்கும் ஒரு குழிந்த குழாயும்

நண்பர் ஒருவர் போன வாரம் 1960களில் செய்த மூனி எம்20சி என்ற சிறு விமானம் ஒன்றின் படங்களை அனுப்பி, "விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டார். என்னிடமும் அதே மாடல்தான் இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக. அவர் கேட்ட அன்று அது ஹேங்கரில் இரண்டு ஜாக்கின் மேல், வாலில் எடை கட்டி, மூக்குச் சக்கரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பத்தொன்பதாவது வாரம். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வேகம், எரிபொருள் கணக்கு, 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கால்களை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் லேண்டிங் கியரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மூனிகள் பலவற்றில் லேண்டிங் கியரை ஏற்றி இறக்க மோட்டார் கிடையாது, ஹைட்ராலிக் பம்ப் கிடையாது. இருக்கைகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பிடி. ஜான்சன் பார் என்பார்கள். சக்கரம் கீழே இருக்கும்போது அது நிமிர்ந்து, பேனலுக்கு அடியில் உள்ள பூட்டில் போய் உட்கார்ந்திருக்கும். மேலே ஏற்றினால் தரையோடு படுத்துவிடும். இறங்கும்போது விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து நம்ப வேண்டியதில்லை. பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தால் போதும், அது அசையவில்லை என்றால் கால் பூட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு இறக்கத்திலும் இப்படி இழுத்துப் பார்க்கிறேன். இன்றும் அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒன்றை மட்டும் பழக வேண்டும்: தரையை விட்டதும், வேகம் கூடுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் காற்றின் அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

பாகம் தேடுகிறவனுக்கு இந்த எளிமை பெரிய வரம். மோட்டார் இல்லாததால் தேய்ந்த மோட்டாரைத் தேட வேண்டாம், பம்ப் இல்லாததால் கசியும் ஹோஸ் இல்லை. சக்கரம், பிரேக் எல்லாம் க்ளீவ்லேண்ட் தயாரிப்பு. டயர் பின்னால் 6.00-6, முன்னால் 5.00-5. எத்தனையோ சிறு விமானங்களுக்குப் பொதுவான அளவுகள் என்பதால் இவற்றுக்கு நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. போல்ட், நட் எல்லாம் ஏஎன் எனப்படும் விமானப் பாகங்களுக்கான பொதுத் தரத்தில் வருபவை, அவையும் அப்படித்தான்.

அடுத்தது ரப்பர். பெரும்பாலான விமானங்களில் அதிர்வைத் தாங்க ஓலியோ ஸ்ட்ரட் இருக்கும். உள்ளே எண்ணெய், அழுத்தத்தில் வாயு, சீல். சீல் போனால் ஒழுகும். மூனியில் ரப்பர் டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, மூக்கில் மூன்று, மொத்தம் பதினொன்று. ஒழுக எதுவுமே இல்லை. ஆனால் ரப்பர் அடியை விழுங்காது, திருப்பிக் கொடுக்கும். வேகம் கொஞ்சம் அதிகமாக வந்து இறக்கினால் துள்ளும், மறுபடி துள்ளும், மூன்றாவது துள்ளலில் மூக்கு குத்தி ப்ரொப்பெல்லர் தரையில் பட்டுவிடும். இரண்டாவது துள்ளலிலேயே த்ராட்டிலை முழுக்கத் தள்ளி எழும்பிவிட வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன்.

எண்ணெய் இல்லாத இந்த ரப்பரும் கிழடாகும். வருடக்கணக்கில் விமானத்தின் எடையைச் சுமந்து தட்டையாகி, இறுகிவிடும். ஜாக்கில் தூக்கினாலும் பழைய உயரத்துக்கு விரியாது. தரையில் ஊர்ந்து (டாக்ஸி) போகும்போது முதுகுத்தண்டுக்குத் தெரியும். மூக்கு டிஸ்க் அமுங்கினால் இன்னும் மோசம், ஏற்கெனவே குறைவாக இருக்கும் ப்ரொப்பெல்லர் இடைவெளி இன்னும் குறையும்.

வாங்கிய மூன்றாவது வருடம் என் மெக்கானிக், "சார், இந்த டிஸ்க் எல்லாம் செத்துப்போச்சு" என்றார். சரி, ரப்பர்தானே என்று நினைத்தேன். பதினொன்றும் சேர்ந்த விலை, அதற்கு முந்தைய இரண்டு டயர் மாற்றங்களின் செலவையும் தாண்டியது. அதுகூடப் பரவாயில்லை. "பயன்படுத்தாதது, புதிய பெட்டி" என்று சொல்லி ஒரு விற்பனையாளர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார், வாங்கிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் டிஸ்க்கின் மேல் அச்சிட்ட தேதி ஒன்பது வருடம் பழையது! அவர் சொன்னதில் பொய் இல்லை, பயன்படுத்தாததுதான். ஆனால் ரப்பருக்கு வயது அலமாரியிலும் ஏறும். திருப்பி எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்க இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து, அச்சிட்ட தேதியைப் படம் எடுத்து அனுப்பாத யாரிடமும் நான் டிஸ்க் வாங்குவதில்லை.

அவற்றை மாட்டுவதும் சின்ன வேலை இல்லை. அடுக்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அமுக்கிய நிலையில் அது நழுவினால் கை போய்விடும். தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது இந்தப் பத்தொன்பது வாரக் கதை.

மூனியின் மூக்குக் கால் எஃகுக் குழாய்களை வெல்டு செய்த ஒரு சட்டம். டிரஸ் என்கிறோம். மூக்குச் சக்கரம் ஓர் எல்லை வரைதான் திரும்பும். இழுவை வண்டியை மாட்டி அந்த எல்லைக்கு மேல் திருப்பினால், திருப்பத்தைத் தடுக்கும் முட்டு குழாயில் போய் அழுந்திக் குழி விழும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம் வரைதான் அனுமதி. நான் ஊரில் இல்லாத ஒரு நாள், ஹேங்கரில் யாரோ இடம் மாற்றுவதற்காக என் விமானத்தை வண்டியில் மாட்டித் திருப்பியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் என் விரலைப் பிடித்துக் குழாயில் வைத்து, "தொட்டுப் பாருங்க சார், இங்கே" என்றார். விரல் இறங்கியது. விமானம் அன்றே நின்றது.

புது டிரஸ்ஸுக்குக் கேட்டபோது காத்திருக்கச் சொன்னார்கள், தேதி சொல்லவில்லை. பழுது பார்க்கும் பட்டறை ஒன்றுக்கு என் டிரஸ்ஸையே அனுப்பினேன். பெயின்டை நீக்கிப் பார்த்தவர்கள், அதற்குக் கீழே யாரோ முன்பு செய்த வெல்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆவணம் இல்லாத வெல்டின் மேல் வேலை செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மிச்சம் இருந்தது, உடைத்துப் பாகம் விற்கும் இடங்கள். முதலில் கிடைத்த டிரஸ்ஸின் படங்கள் அழகாக இருந்தன, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. முட்டு படும் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் என்னுடையதைவிடப் பெரிய குழி. இரண்டாவது டிரஸ் வந்தது சக்கரம் இறக்க மறந்து வயிற்றில் இறங்கிய ஒரு விமானத்திலிருந்து. அப்படி இறங்கியவற்றில் ப்ரொப்பெல்லர் போகும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும், வயிற்றுத் தகடு கிழியும். கால்கள் உள்ளே மடங்கி இருந்ததால் பெரும்பாலும் அடிபடாமல் தப்பிவிடும். யாரோ ஒருவருடைய மிக மோசமான நாளில்தான் என் விமானத்துக்குக் கால் கிடைத்தது. யாருக்கும் காயம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பணம் அனுப்பினேன்.

பணத்தோடு வேலை முடியவில்லை. அந்த விமானத்தின் சீரியல் எண், லாக் புக் பிரதி, பாகத்தைக் கழற்றிய பதிவு எல்லாம் வர மூன்று வாரம். காகிதம் இல்லாத பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் மெக்கானிக் கையெழுத்துப் போடமாட்டார். அப்புறம் டிரஸ் பட்டறைக்குப் போய், காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதியாகி, பெயின்ட் ஆகி வந்தது. அதோடு வந்த புஷ்ஷிங்குகள், அதாவது மூட்டுகளில் தேய்மானத்தைத் தாங்கும் உலோக வளையங்கள், தேய்ந்திருந்தன.

இங்கேதான் எதிர்பாராத ஒரு நல்லது நடந்தது. என் விமானம் அமெரிக்கப் பதிவு கொண்டது. அமெரிக்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அமைப்பின் விதி 21.9, உரிமையாளர் தன் சொந்த விமானத்தின் பராமரிப்புக்குத் தானே பாகம் தயாரித்துக்கொள்ள இடம் தருகிறது. லேத்தில் நாமே நிற்க வேண்டும் என்பதில்லை. வடிவ விவரமோ, மூலப்பொருளோ, செய்முறையோ, தரச் சோதனையோ, மேற்பார்வையோ, இதில் ஏதாவது ஒன்றிலாவது உரிமையாளரின் பங்கு உண்மையாக இருக்க வேண்டும். அளவும் உலோகமும் அசல் பாகத்தோடு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டவும் முடிய வேண்டும். ஒரு கடைசல்காரரோடு இரண்டு நாள் உட்கார்ந்து, மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து புஷ்ஷிங் செய்தோம். என் மெக்கானிக் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு நாளும் எனக்கு மிகப் பிடித்திருந்தது. என் விமானத்தை அதற்கு முன் அவ்வளவு நெருக்கமாக நான் அறிந்ததில்லை. ஆனால் நண்பருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அதே புஷ்ஷிங்கைச் செய்து உங்களுக்கு விற்க எனக்கு அனுமதி இல்லை. டிரஸ் போன்ற வெல்டு சட்டத்தை இந்த வழியில் செய்ய நான் துணியவும் மாட்டேன்.

கணக்கையும் சொல்கிறேன். டிரஸ், அனுப்பும் செலவு, சோதனை, கூலி எல்லாம் சேர்ந்து என் ஒரு வருட எரிபொருள் செலவைத் தாண்டிவிட்டது. பறக்காமல் நின்ற வாரங்களுக்கும் ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ் கட்டினேன். நண்பர் பார்க்கும் விமானத்தின் விலை இறங்கியிருக்கலாம், அதன் காலுக்கு விலை இறங்கவில்லை. இறங்க வழியும் இல்லை. எம்20 வரிசைக்குச் சான்று கிடைத்தது 1955இல். டெக்சஸில் உள்ள மூனியின் கெர்வில் தொழிற்சாலையில் உற்பத்தி பலமுறை நின்று, பலமுறை தொடங்கியிருக்கிறது. ஒரு டிரஸ் செய்ய, குழாய்களைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக் வேண்டும், வெல்டர் வேண்டும், அனுமதி வேண்டும். வருடத்துக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல ஆள் இல்லாததால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது.

நண்பரே, பார்க்கப் போனால் எஞ்சினுக்கு முன் மூக்குக் காலுக்குக் கீழே குனியுங்கள். குழாயை விரலால் தடவுங்கள். பெயின்ட் அங்கே மட்டும் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். பதினொரு டிஸ்க்கின் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். பார் போய்ப் பூட்டும் இடம் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், காகிதத்தோடு ஒரு நல்ல டிரஸ் கண்ணில் பட்டால் தேவை இல்லாதபோதே எடுத்து வையுங்கள். ஆனால் ரப்பரை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். இழுவை வண்டியை அருகில் விடாதீர்கள். நான் இப்போது கையால் இழுக்கும் டோ பார் மட்டுமே பயன்படுத்துகிறேன், மூக்கில் ஒரு எச்சரிக்கைப் பலகையும் தொங்குகிறது.

இத்தனை புகழ்ந்துவிட்டு நான் சொல்லப்போவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வருடம் வேண்டாம். என்னுடையதை விற்பாயா என்று கேட்டால், விற்கமாட்டேன்.

நேற்று மூக்குக் கால் மாட்டியாயிற்று. பூட்டுகள் எவ்வளவு இறுக்கமாக உட்கார்கின்றன என்பதை மெக்கானிக் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து முடித்ததும், ஜாக்கில் நின்றபடியே கியரை ஏற்றி இறக்கச் சொன்னார். உள்ளே உட்கார்ந்து பாரை இழுத்தேன். மூன்று கால்களும் மடங்கின. திரும்ப நிமிர்த்தியபோது 'டக்' என்று பூட்டியது. "இன்னொரு தடவை சார்" என்றார். மொத்தம் எட்டு தடவை செய்தோம். போதும் என்று அவர் சொன்ன பிறகும் நான் பாரிலிருந்து கையை எடுக்கவில்லை.

நண்பர் காலையில் மறுபடி கேட்டிருக்கிறார். பதில் அதேதான்.